தானே ஒருங்கிணையும் மூலக்கூறுகள்: சாமுவேல் ஸ்டப்பின் உயிரிப்பொருள் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டுவடம் நசுங்கிப் பின்னங்கால்கள் செயலிழந்த சுண்டெலிகள் ஒரே ஓர் ஊசிக்குப் பிறகு மீண்டும் நடந்தன என்ற செய்தி 2021 நவம்பரில் வெளியானது. ‘நடனமாடும் மூலக்கூறுகள்’ என்ற பெயரும் அத்துடன் சேர்ந்து பரவியது. அந்த ஊசியில் இருந்தது வழக்கமான பொருளில் மருந்து அன்று. நீரில் விட்டால் தாமாகவே கூடி இழையாகும் சிறு மூலக்கூறுகளின் கரைசல். அதன் பின்னணியில் ஒரு பொருளறிவியலாளரின் பல்லாண்டுக் கால உழைப்பு இருக்கிறது. வேதியியல் மாணவர்களும், முதுகில் அடிபட்டவர்களின் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

சாமுவேல் ஸ்டப் யார்?

கோஸ்டாரிகாவில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியலில் 1977இல் முனைவர் பட்டம் பெற்றார். இலினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1999இல் நார்த்வெஸ்டர்னுக்கே திரும்பினார். அங்கே பொருளறிவியல், வேதியியல், மருத்துவம், உயிர்மருத்துவப் பொறியியல் ஆகிய துறைகளில் ஒரே சமயத்தில் பேராசிரியராக இருப்பவர் என்பதே அவருடைய ஆய்வு எத்தகையது என்பதைக் காட்டிவிடுகிறது.

‘தானே ஒருங்கிணைதல்’ என்றால் என்ன?

துணி துவைக்கும் எவரும் இதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சோப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. நீரில் போதிய அளவு சோப்பு கரைந்தவுடன் வால்கள் எல்லாம் நீரிலிருந்து ஒளிந்துகொள்ள உள்நோக்கித் திரும்ப, தலைகள் வெளிப்புறம் நிற்க, மிசெல் எனப்படும் நுண்ணிய உருண்டைகள் உருவாகின்றன. யாரும் அவற்றை எடுத்து அடுக்குவதில்லை. மூலக்கூறின் வடிவமும், அதற்கும் நீருக்கும் இடையிலான விருப்பு வெறுப்புமே அந்த அமைப்பைத் தீர்மானிக்கின்றன. அழுக்கில் உள்ள எண்ணெய் அந்த உருண்டைக்குள் புகுந்துகொள்வதால்தான் துணி வெளுக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள சவ்வும் இதே விதியில்தான் நிற்கிறது. உருண்டைக்குப் பதிலாக நீண்ட இழை வேண்டும், அந்த இழையின் மேற்பரப்பு செல்லோடு பேசவும் வேண்டும் என்று கேட்டால் மூலக்கூறை எப்படி வடிவமைப்பது என்பதுதான் ஸ்டப் எடுத்துக்கொண்ட கேள்வி.

இதைப் பாலிமர் என்று அழைப்பது சரியா? பாலிமர் என்றால் நைலான், பாலித்தீன் போன்றவை அல்லவா?

பாடப்புத்தகம் சொல்லும் பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சகப்பிணைப்பால், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பால், சங்கிலியாகக் கோக்கப்பட்ட பெருமூலக்கூறு. ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் இக்கருத்தை முன்வைத்தபோது அன்றைய வேதியியலாளர்கள் பலர் ஏற்க மறுத்தனர். 1953இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டப்பின் இழைகளில் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிப்பவை சகப்பிணைப்புகள் அல்ல. ஹைட்ரஜன் பிணைப்புகளும், நீரை வெறுக்கும் வால்களின் ஒதுங்கலும், மின்சுமைகளின் ஈர்ப்பும்தான். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் தேவை. ஹைட்ரஜன் பிணைப்புக்கோ பெரும்பாலும் 20 கிலோஜூல் அளவே போதும். எனவே இவற்றை மீமூலக்கூற்றுப் பாலிமர்கள் என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். மூலக்கூறுகளுக்கு இடையிலான இத்தகைய உறவுகளை ஆராய்ந்ததற்காக ஷான் மாரி லேன், டொனால்ட் கிராம், சார்லஸ் பெடர்சன் ஆகிய மூவரும் 1987இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பிணைப்பு வலுவற்றது என்பதைக் குறையாகக் கருதிவிடக் கூடாது. வலுவற்ற பிணைப்பு என்றால் அவிழ்ந்து மீண்டும் சேரக்கூடிய பிணைப்பு என்று பொருள். நைலானில் கோக்கப்பட்ட ஓர் அலகு தன் இடத்தைவிட்டு வெளியேற முடியாது. இங்கே ஓர் அலகு இழையிலிருந்து எட்டிப் பார்க்கலாம், சற்று நழுவலாம், முழுவதுமாக வெளியேறித் திரும்பவும் வந்து சேரலாம். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியைச் சார்ந்தே நிற்கின்றன.

அந்த மூலக்கூறு எப்படி அமைக்கப்பட்டுள்ளது?

அதன் பெயர் பெப்டைடு ஆம்ஃபிஃபைல். பெப்டைடு என்பது புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி; ஆம்ஃபிஃபைல் என்றால் நீரை விரும்பும் பகுதியையும் வெறுக்கும் பகுதியையும் ஒருங்கே கொண்டது. அதை நான்கு துண்டுகளாகப் பார்ப்பது எளிது. முதல் துண்டு, 16 கார்பன்கள் கொண்ட கொழுப்பு வால். பெரும்பாலும் இது பால்மிட்டிக் அமிலத்திலிருந்து வருவது. ரேஷன் கடைப் பாமாயிலில் நிறைந்துள்ள அதே அமிலம்தான், பெயரும் பனையிலிருந்து வந்ததுதான். அடுத்த துண்டு வேலின், அலனின் போன்ற அமினோ அமிலங்களின் குறுந்தொடர். பக்கத்து மூலக்கூறின் இதே துண்டுடன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்து, புரதங்களில் காணப்படும் பீட்டா மடிப்புத் தாள் போன்ற அமைப்பை இது உண்டாக்குகிறது. இந்தக் கைகோப்பு இருப்பதால்தான் உருண்டைக்குப் பதிலாக இழை நீள்கிறது. மூன்றாவது துண்டில் குளுட்டாமிக் அமிலம் அல்லது லைசின் போன்ற மின்சுமை ஏற்கும் அமிலங்கள் உள்ளன. இவை மூலக்கூறை நீரில் கரைய வைப்பதோடு, எப்போது இழையாவது என்பதைத் தீர்மானிக்கும் சுவிட்ச்போலவும் செயல்படுகின்றன. கடைசித் துண்டு, செல் அடையாளம் கண்டுகொள்ளும் சைகை. இயற்கைப் புரதம் ஒன்றின் பல நூறு அமினோ அமிலங்களில் எந்த மூன்றோ ஐந்தோ செல்லின் ஏற்பியில் (வெளியிலிருந்து வரும் சைகையை வாங்கிக்கொள்ளும் புரதத்தில்) பொருந்துகின்றனவோ, அவற்றை மட்டும் எடுத்து இங்கே ஒட்டவைக்கிறார்கள்.

உருவாகும் இழையின் குறுக்களவு 10 நானோமீட்டருக்கும் குறைவு; நீளமோ அதைப்போல் பல நூறு மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல். வால்கள் நடுவில் அடைபட்டிருக்க, சைகைகள் அனைத்தும் மேற்பரப்பில் புட்டி கழுவும் தூரிகையின் மயிர்போல் நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும்.

கரைசல் ஜெல்லாக மாறுவதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். நூறில் 99 பங்கு நீரும் ஒரு பங்கு பெப்டைடும் கொண்ட தெளிந்த கரைசல் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. குலுக்கினால் தண்ணீர் போலவே அலைகிறது. அதில் கால்சியம் குளோரைடு கரைசலில் சில சொட்டுகள் விட்டதும், எதிர்மின்சுமைகளைக் கால்சியம் அயனிகள் தணித்து இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க, குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் உள்ளிருப்பது கீழே விழுவதில்லை. உடல் திரவத்திலும் கால்சியம் உண்டு என்பதால், ஊசியில் நீராக இருப்பது திசுவுக்குள் சென்றதும் ஜெல்லாகிவிடுகிறது. தனியாக எதையும் கலக்க வேண்டியதில்லை.

இதைவிட அழகான ஒன்றை ஸ்டப்பின் குழு 2010இல் வெளியிட்டது. அதே கரைசலை 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆறவிட்டால், மூலக்கூறுகள் முதலில் அகன்ற தகடுகளாகி, ஆறும்போது அந்தத் தகடுகள் பிளந்து இழைக் கட்டுகளாகின்றன. கரைசல் இப்போது திரவப் படிகம், அதாவது திரவம்போல் ஓடினாலும் உள்ளே படிகம்போல் ஒழுங்கு கொண்டது. அதைக் குழாயில் உறிஞ்சி, உப்புக் கரைசலின் ஊடே இழுத்தபடி பிழிந்தால், இடியாப்ப உரலிலிருந்து இறங்குவது போன்ற ஒரு நூல் வந்து விழும். பார்வைக்கு வெறும் ஜெல் நூல். உள்ளேயோ நானோ இழைகள் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் ஒரே திசை நோக்கிப் படுத்திருக்கின்றன. செல்களைக் கலந்து பிழிந்தால் அவையும் அத்திசையிலேயே நீண்டு வளர்கின்றன. நரம்பும் தசையும் திசையுள்ள திசுக்கள் என்பதை நினைத்தால் இதன் பயன் விளங்கும். சமையலறையில் செய்வதுபோல் சூடாக்கி ஆறவிட்டதில் இவ்வளவு ஒழுங்கு வருகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆய்வின் தொடக்கம் நரம்பா?

இல்லை. 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் ஸ்டப்பின் குழு விவரித்தது காளான் வடிவில் கூடும் செயற்கை மூலக்கூறுகளை. அவை அடுக்கடுக்காகப் படிந்து, இரு பக்கமும் இருவேறு குணமுள்ள படலமாக மாறின. உயிரியலுக்கான திருப்பம் 2001இல், எலும்பின் வழியாக நிகழ்ந்தது. ஜெஃப்ரி ஹார்ட்கெரிங்க், எலியா பெனியாஷ் ஆகியோருடன் ஸ்டப் எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரையில், பாஸ்பேட் ஏற்றப்பட்ட செரினைப் பெப்டைடில் வைத்து, அதைச் சுற்றிக் கால்சியமும் பாஸ்பேட்டும் படிய வழிசெய்தார்கள். படிந்தது ஹைட்ராக்ஸி அபடைட். நம் எலும்பின் கனிமமும் அதே வகைதான். படிகங்கள் கண்டபடி படியாமல், அவற்றின் நீள அச்சு இழையின் நீளத்தோடு ஒத்திசையும்படி படிந்தன. எலும்பில் கொலாஜன் இழையின்மீது இயற்கை செய்வதும் அதுவே.

நரம்புச் செல்லுக்கு என்ன சைகை கொடுத்தார்கள்?

லேமினின் என்னும் புரதத்திலிருந்து எடுத்த ஐசோலியூசின், லைசின், வேலின், அலனின், வேலின் என்ற ஐந்து அமினோ அமிலத் தொடர். 2004இல் வெளியான ஆய்வில், இச்சைகை தாங்கிய ஜெல்லுக்குள் வைக்கப்பட்ட நரம்பு முன்னோடிச் செல்கள் விரைந்து நியூரான்களாக மாறின. வடுத் திசுவுக்குக் காரணமான ஆஸ்ட்ரோசைட்டுகளாக மாறியவை மிகக் குறைவு. லேமினின் புரதத்தை ஒற்றை அடுக்காகப் பரப்பினால் கிடைப்பதைவிட இழையின் மேற்பரப்பில் சைகையின் அடர்த்தி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுதல் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சைகையை நெருக்கமாக அடுக்கினால் செல் கேட்கும் என்ற விளக்கம் அப்போது போதுமானதாகத் தோன்றியது. அது முழு உண்மையன்று என்பது பின்னர்தான் தெரியவந்தது.

‘நடனமாடும் மூலக்கூறுகள்’ என்பதன் பொருள் என்ன?

2021 ஆய்வின் சாரம் இங்கேதான் இருக்கிறது. செய்தித்தாள்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போன பகுதியும் இதுவே. சைடா அல்வாரெஸ் முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வில் இரண்டு சைகைகள் பயன்பட்டன: ஒன்று மேலே சொன்ன லேமினின் தொடர், மற்றது, எஃப்.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியைப்போல் நடிக்கும் ஒரு பெப்டைடு. முந்தியது நரம்பு இழைகளின் நீட்சிக்கும், பிந்தியது இரத்த நாளங்களின் வளர்ச்சிக்கும் நியூரான்கள் உயிரோடு நிலைப்பதற்கும் உதவுவது. காயம் ஏற்படுத்தப்பட்டு 24 மணி நேரம் கழித்து, சுண்டெலிகளின் தண்டுவடத்தில் ஒரே ஓர் ஊசி போடப்பட்டது. நான்கு வாரங்களுக்குள் அவை நடக்கும் திறனைத் திரும்பப் பெற்றன. அறுபட்ட நரம்பிழைகள் மீண்டும் நீண்டன, வடு குறைந்தது, நரம்பிழைகளைச் சுற்றும் மையலின் உறை மீண்டும் உருவானது, காயமுற்ற இடத்தில் இரத்த நாளங்கள் பெருகின.

இங்கே நிறுத்திவிட்டால் இது ‘நல்ல சைகை, நல்ல பலன்’ என்ற கதையாகிவிடும். அவர்கள் செய்த நுட்பமான காரியம் வேறு. சைகையைத் தொடாமல், அதன் செறிவையும் மாற்றாமல், செல்லோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாவது துண்டை மட்டும் மாற்றினார்கள். ஒரு வடிவத்தில் இரண்டு வேலின்களும் இரண்டு அலனின்களும் இருந்தன. இவை இறுக்கமாகக் கைகோப்பவை. மற்றொன்றில் இரண்டு அலனின்களும் இரண்டு கிளைசின்களும் இருந்தன; இவற்றின் பிடி தளர்வானது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரியான இழைகள்தான். ஆனால் தளர்ந்த பிடியுள்ள இழையில் மூலக்கூறுகள் கூடுதலாக அசைந்தன. அந்த ஊசியைப் பெற்ற சுண்டெலிகளே கூடுதலாகத் தேறின.

இதற்கு ஸ்டப் தரும் விளக்கம் எளியது. செல்லின் சவ்வில் உள்ள ஏற்பிகள் ஒரே இடத்தில் அறையப்பட்ட ஆணிகள் அல்ல. அவையும் ஓயாமல் அலைந்துகொண்டிருப்பவை. அசையாமல் நிற்கும் சைகையைவிட, அசைந்துகொண்டே இருக்கும் சைகை அந்த ஏற்பிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். ‘நடனம்’ என்ற சொல் ஊடகத்துக்கு இனிப்பாக இருந்தாலும், அதனால் ஆய்வின் கூர்மை சற்று மழுங்கிப்போனது என்றே நினைக்கிறேன். ஒரு மருந்தின் வேதி வாய்பாட்டில் ‘செயலற்றது’ என்று ஒதுக்கப்படும் பகுதியே பலனைத் தீர்மானித்தது என்பதுதான் இங்கே கண்டறியப்பட்டது.

அப்படியானால் அசைவு கூடக்கூட நல்லதா?

இல்லை, இதே குழுவின் மற்றோர் ஆய்வே அதற்குச் சான்று. நேர்மின்சுமை கொண்ட பெப்டைடு ஆம்ஃபிஃபைல்களைச் செல்களின்மீது சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தமக்குள் பிடிப்புக் குறைந்த மூலக்கூறுகள் தம் கூட்டத்தைவிட்டு விலகிச் செல்லின் கொழுப்புச் சவ்வில் புகுந்து அதைக் கிழித்தன, செல்கள் மாண்டன. வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டவை அருகில் இருந்தபோது செல்கள் பிழைத்தன. சோப்பு கிருமியின் சவ்வைக் கரைப்பதும் இதே வழியில்தான். ஆக, பிடி இறுகினால் சைகை செல்லை எட்டாது. அளவுக்கு மீறித் தளர்ந்தால், மின்சுமையும் ஒத்துழைத்தால், மூலக்கூறு செல்லையே அழித்துவிடும். இடையில் உள்ள அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பவரின் வேலை. திசுவுக்குத் திசு அது மாறக்கூடும்.

இவ்வளவு சிறிய அசைவை எப்படி அளக்கிறார்கள்?

வடிவத்தைக் காண்பதற்கு உறைநிலை மின்னணு நுண்ணோக்கி உதவுகிறது. கரைசலை மெல்லிய படலமாக்கி, திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்தினால், நீர் பனிக்கட்டிப் படிகமாக நேரமின்றிக் கண்ணாடிபோல் உறைந்துவிடும். இழை நீரில் இருந்த கோலத்திலேயே பிடிபடும். உலர்த்திப் பார்த்தால் அந்தக் கோலம் கலைந்துவிடும். சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் எக்ஸ் கதிர் மூலத்தில் சிதறலை அளந்தும் இழையின் பருமனைக் கணிக்கிறார்கள். அசைவை அளப்பதற்கு மூலக்கூறின் வெவ்வேறு இடங்களில் இணையில்லா எலக்ட்ரான் கொண்ட அடையாளத்தை ஒட்டவைத்து, அது எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவு முறையில் படிக்கிறார்கள். 2014இல் ஜூலியா ஆர்டனி முதன்மை ஆசிரியராக வெளியிட்ட ஆய்வு, ஒரே இழைக்குள் வால் பகுதி திரவம்போல் நெகிழ்ந்தும், பீட்டா தாள் பகுதி திடப்பொருள்போல் இறுகியும், மேற்பரப்பு மீண்டும் நெகிழ்ந்தும் இருப்பதைக் காட்டியது. சில நானோமீட்டருக்குள் இத்தனை வேறுபாடு.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் இழைகளும் பீட்டா தாள்கள்தானே? இந்த ஊசி அத்தகைய ஆபத்தை உண்டாக்காதா?

நியாயமான கேள்வி. அமிலாய்டு இழையிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இழையின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன; உறவு இருக்கத்தான் செய்கிறது. வேறுபாடு பிடிமானத்தில் உள்ளது. அமிலாய்டு, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கு எளிதில் அசைந்துகொடுக்காதது. பெப்டைடு ஆம்ஃபிஃபைல் இழையோ கொழுப்பு வால்களின் திரவ உள்ளகத்தைச் சுற்றி அமைந்தது. நொதிகள் அதை வெட்டி, அமினோ அமிலங்களாகவும் கொழுப்பு அமிலமாகவும் உடலுக்குத் தந்துவிடும். சுண்டெலி ஆய்வில் பொருள் முழுவதும் 12 வாரங்களுக்குள் சிதைந்து நீங்கியதாகக் கூறுகிறார்கள். இருந்தாலும் மனிதரிடம் நெடுநாள் பாதுகாப்பு என்பது தனியே நிறுவப்பட வேண்டிய ஒன்று. வேதியியலைக் காட்டி அதைத் தவிர்த்துவிட முடியாது.

இத்துறையில் இவர் ஒருவர்தானா?

இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷுகுவாங் ஜாங், ஈஸ்ட்டின் புரதம் ஒன்றை ஆராயும்போது, அதன் ஒரு துண்டு உப்புநீரில் தானாகவே கூடிப் படலமாவதைக் கவனித்து 1993இல் வெளியிட்டார். கொழுப்பு வால் இல்லாத அந்தப் பெப்டைடுகளின் வழியில் வந்த ஒரு ஜெல், குடல் உள்நோக்கிச் சிகிச்சையின்போது இரத்தக் கசிவை நிறுத்தும் பொருளாக இன்று மருத்துவமனைகளில் பயன்படுகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவனில் பெர்ட் மெய்யர் குழு 1997இல், நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டுமே கோக்கப்பட்டும் வழக்கமான பிளாஸ்டிக்கின் குணங்களைக் காட்டும் பாலிமரை உருவாக்கியது.

மூட்டுத் தேய்மானத்துக்கு இது உதவுமா?

குருத்தெலும்பு தானாக வளராத திசு என்பதால் இங்கே எதிர்பார்ப்பு அதிகம். டி.ஜி.எஃப் பீட்டா-1 என்ற வளர்ச்சிக் காரணியைப் பற்றி வைத்திருக்கும் இழைகளை முயல்களின் மூட்டுக் காயத்தில் வைத்து 2010இலும், ஹயலூரோனிக் அமிலத்துடன் கலந்து செம்மறியாடுகளின் முழங்கால் மூட்டில் வைத்து 2024இலும் சோதித்தார்கள். மனித முழங்காலைப்போல் எடை தாங்குவது என்பதால் செம்மறியாட்டின் மூட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிதாக உருவான குருத்தெலும்பின் தரம், சிகிச்சை பெறாத மூட்டில் உருவானதைவிட மேலாக இருந்தது. ஆயினும் இவை ஆய்வாளர்களே உண்டாக்கிய சிறு குழிகள். அறுபது வயதில் மூட்டு முழுவதும் தேய்ந்து வளைந்த நிலையோடு இவற்றை ஒப்பிட முடியாது.

என் உறவினருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் முதுகுத்தண்டில் அடிபட்டது. இந்த ஊசி நம் ஊரில் கிடைக்குமா?

கிடைக்காது. தண்டுவடக் காயத்துக்கான அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இது எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. இப்பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் எவராயினும் நம்பாதீர்கள். ‘நடனமாடும் மூலக்கூறு’ என்று விளம்பரத்தில் எழுதிவிடுவது மிக எளிது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்டெலிக்கு ஊசி போடப்பட்டது காயம்பட்ட மறுநாள். அந்த நேரத்தில் வடு இறுகியிருக்காது. பிழைக்கக்கூடிய நியூரான்கள் பல இன்னும் மிச்சமிருக்கும். மூன்று ஆண்டுகள் கடந்த காயத்தில் நிலைமை வேறு: வடு முதிர்ந்து, சில இடங்களில் திரவம் நிறைந்த குழியே உருவாகியிருக்கும். 2021 ஆய்வு அத்தகைய காயத்தைச் சோதிக்கவில்லை. எனவே அதன் முடிவை அங்கே பொருத்திப் பேச எவருக்கும் ஆதாரம் இல்லை. மனிதரின் தண்டுவடம் சுண்டெலியினுடையதைவிடப் பலமடங்கு நீளமானது என்பதால் நரம்பிழைகள் வளர்ந்து கடக்க வேண்டிய தொலைவும் அதற்கேற்பக் கூடும். தற்போதைக்கு அந்த உறவினருக்குப் பயன் தருபவை இயன்முறை மருத்துவமும், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், சிறுநீர்ப்பையைத் தொற்றின்றிக் காப்பதும்தான். புதிய ஆய்வுகளில் பங்கேற்க விரும்பினால், இந்தியாவில் நடைபெறும் மருத்துவச் சோதனைகள் அனைத்தும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பராமரிக்கும் பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அங்கே பெயர் இல்லாத சோதனையில் சேர வேண்டாம்.